ரசிகர்கள் செய்த வெஸ்நாத் கேம்பெயினை நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஆடி முடிப்பது எப்படி

போன வாரம் கோபியிலிருந்து சின்னம்மா பையன், வெஸ்நாத் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றிப் போன் பண்ணினான். ராத்திரி பதினொன்றரை இருக்கும். நான் குடோனில் பாவு பிணைக்கிறவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இவன் எடுத்தவுடனே, "ண்ணா, ஏழாவது சினாரியோவுல மாட்டிக்கிட்டனுங்ண்ணா, நாலு தடவ ஆடிப் பாத்துட்டன், இது ஜெயிக்கவே முடியாதுங்ண்ணா" என்றான். எத்தனை கோல்டோடு, அதாவது படை எடுக்கும் காசோடு, உள்ளே போனாய் கண்ணு என்று கேட்டேன். நூறு என்றான். சண்டையில் வளர்ந்து லெவல் இரண்டு ஆன ஆட்கள் எத்தனை பேர் என்றேன். ஒருத்தர் என்றான். அவன் தோற்றது ஏழாவதில் இல்லை, நாலாவதிலோ ஐந்தாவதிலோ தோற்றுவிட்டு அது தெரியாமலே ஏழு வரைக்கும் நடந்து வந்திருக்கிறான். சினாரியோ என்பது ஒரு சண்டை, அவற்றை வரிசையாகக் கோத்த கதைதான் கேம்பெயின். ரசிகர்கள் செய்த கேம்பெயினில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வெஸ்நாத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், எல்ஃப், ஓர்க், குள்ளர், எலும்புக்கூடு, டிராகன் சாதியில் டிரேக் என்று படைகள், ஒருவர் ஆடி முடித்தபின் அடுத்தவர் ஆடும் ஆட்டம், அப்படி ஆடும் ஒரு முறைக்கு டர்ன் என்று பெயர். டேவிட் வைட் என்பவர் தொடங்கி 2003-இல் முதல் பதிப்பு வந்தது, இன்று வரைக்கும் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும், என்னுடையதில் ஓடுகிறதென்றால் யாருடையதிலும் ஓடும். கூடவே வரும் கேம்பெயின்கள் போக, ஆடுகிறவர்களே எழுதிப் போட்டவை ஏராளமாக இருக்கின்றன. முகப்புப் பட்டியலில் ஆட்-ஆன்ஸ் என்று இருப்பதைத் தட்டி, வகையில் கேம்பெயினை மட்டும் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வரிசையாக வரும். கூடவே இசைத் தொகுப்பு, படத் தொகுப்பு வேண்டுமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

எதை எடுப்பது? முதலில், கூடவே வரும் தி சவுத் கார்டு, எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ் இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள். இந்த ஒரு நிபந்தனையில் நான் இறங்கி வரமாட்டேன். அப்புறம் ரசிகர் கேம்பெயினில் பத்துப் பன்னிரண்டு சினாரியோவுக்குள் முடிகிற ஒன்றாக எடுங்கள். லெஜண்ட் ஆஃப் தி இன்வின்சிபிள்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ரொம்பப் பேர் போனது, நூறு சினாரியோவுக்கு மேல், எதிரி கீழே போடும் வாளையும் கவசத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டே போகலாம். ஆனால் முதல் கேம்பெயினாக அதை எடுப்பது, நீச்சல் பழகப் பவானி கூடுதுறைக்கு ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போவது மாதிரி. ரசிகர் செய்தது என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெட் வாட்டரும் சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஏன்ஷியண்ட்ஸும் ரசிகர் கேம்பெயினாக இருந்து பிறகு ஆட்டத்தோடேயே சேர்க்கப்பட்டவைதான்.

பதிப்பு எண்ணைக் கவனிக்க வேண்டும். 1.16, 1.18 மாதிரி இரட்டை எண் வந்தால் நிலையான பதிப்பு, ஒற்றை எண் வந்தால் சோதனைப் பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆட்-ஆன் பட்டியல் தனி, 1.16-இல் இருந்த கேம்பெயின் 1.18-இல் இல்லாமல் போகலாம். அதற்காகப் பழையதை அழிக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒட்டுக்கா வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஆட்டத்தின் நடுவில் கேம்பெயினுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று காட்டினால் கை பரபரக்கும், தொடாதீர்கள். ஒரு சினாரியோவை முடித்து அடுத்ததற்குள் போகும்போது மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பாதியில் எடுத்த சேவ் பழைய எழுத்தையே சுமந்துகொண்டு இருக்கும், புது கோப்புகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

கடினம் கேட்கும்போது லேசானதைத் தேர்ந்தெடுங்கள். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை. கேம்பெயினை எழுதியவருக்கு எந்தப் புதரிலிருந்து யார் குதிப்பார் என்று தெரியும், எந்த டர்னில் எதிரிக்குப் படை வந்து சேரும் என்று தெரியும், அதையெல்லாம் வைத்துக்கொண்டு தனக்குச் சரியாக இருக்கிறது என்று அளந்திருப்பார். அவருக்கு நடுத்தரமாக இருப்பது உங்களுக்குக் கடினமாகத்தான் இருக்கும்.

இப்போது கோல்டு. இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், ஏனென்றால் தம்பி மாட்டியது இதில்.

ஒரு சினாரியோவை முடித்தால் கையில் இருக்கும் கோல்டு முழுசாக அடுத்ததற்கு வராது. பெரும்பாலான கேம்பெயினில் 40 சதவீதம்தான் வரும், சிலதில் 80 வரும், குறிக்கோள் பக்கத்திலேயே எழுதியிருக்கும், கண்ட்ரோலோடு ஜே அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும். சீக்கிரம் முடித்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு ஊக்கத்தொகை உண்டு. அந்தத் தொகை நீங்கள் பிடித்த ஊர்களை வைத்துக் கணக்காவதில்லை, வரைபடத்தில் இருக்கும் எல்லா ஊர்களையும் வைத்துக் கணக்காகிறது. மூலையில் கிடக்கும் கடைசி ஊரைப் பிடிக்க நாலு டர்ன் குதிரையை ஓட விடுகிறவர்கள் இதைத் தெரியாமல்தான் ஓட விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரைபடத்தில் எட்டு ஊர், ஊருக்கு ஒரு கோல்டு, அடிப்படை வருமானம் இரண்டு, ஆக டர்னுக்குப் பத்து. ஆறு டர்ன் மிச்சம் வைத்து முடித்தால் அறுபது. கையில் 200 இருந்தது என்றால் மொத்தம் 260, அதில் 40 சதவீதம் 104. அடுத்த சினாரியோவுக்கு எழுதியவர் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்தது அந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டினால்தான் உங்கள் சேமிப்புக்கு மதிப்பு. இத்தனை பாடுபட்டதற்கு நாலு கோல்டு லாபம்! இதே இடத்தில் கையில் 60-தான் இருந்தாலும் உங்களுக்கு நூறு கிடைத்திருக்கும்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்றால், கோல்டைச் சேர்த்தால் நன்றாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டச் செலவழித்துவிட வேண்டும். நடுவாந்தரமாக 150, 180 வைத்துக்கொண்டு முடிப்பதில் பிரயோஜனமே இல்லை. தம்பி அப்படித்தான் ஒவ்வொரு சினாரியோவிலும் கஞ்சத்தனமாக ஆறு பேரை மட்டும் இறக்கி, அதில் நாலு பேரைச் சாகக் கொடுத்து, 170 கோல்டு மிச்சம் என்று சந்தோஷமாக முடித்திருக்கிறான். அந்த 170-இல் 40 சதவீதம் 68, குறைந்தபட்சம் நூறு, ஆக மிச்சப்படுத்தியது அத்தனையும் ஆற்றில் போட்ட மாதிரி. அந்தக் காசுக்கு எட்டு பேரைக் கூடுதலாக இறக்கியிருந்தால் அவனுடைய மூத்த ஆட்கள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

ஆட்கள்தான் இந்த ஆட்டத்தில் முழுசாக அடுத்ததற்குக் கூடவே வரும் சொத்து. லெவல் மூன்று ஆளானாலும் மறுபடி அழைக்க வழக்கமாக இருபது கோல்டுதான். புதிதாக ஒரு ஈட்டிக்காரனை எடுக்கவே பதினாலு ஆகிறது. ஆனால் மூத்த ஆட்களை மட்டுமே ஒட்டுமொத்தமாக இறக்கிவிடாதீர்கள், பராமரிப்புச் செலவு லெவல் எண்ணிக்கைப்படி டர்னுக்கு டர்ன் போகும், நீங்கள் பிடித்த ஊர்களின் எண்ணிக்கை வரைக்கும்தான் அது இலவசம். நான் பாதிக்குப் பாதி கலப்பேன். புது ஆட்கள் முன்னால் நின்று அடி வாங்குவார்கள், சொல்வதற்குக் கொஞ்சம் கொடுமையாக இருக்கிறது, ஆட்டம் அப்படி.

அனுபவப் புள்ளி எப்படி வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் ஆட்களை வளர்ப்பது லேசு. சண்டை போட்டால் எதிரியின் லெவல் எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு, கொன்றால் லெவலுக்கு எட்டு. லெவல் இரண்டு ஓர்க்கைக் கொன்றால் 16, வெறுமனே மோதினால் 2. ஆகவே சாகும் நிலையில் இருக்கும் எதிரியைப் பெரிய வீரனை வைத்து அடித்து வீணாக்காதீர்கள், பின்னால் நிற்கும் இளசை முன்னே விட்டு அந்தக் கடைசி அடியை அவனுக்குக் கொடுங்கள். லெவல் ஏறினால் உடம்பில் இருக்கும் காயம் எல்லாம் அந்த நொடியே ஆறிவிடும், விஷம் ஏறியிருந்தாலும் போய்விடும். ஆகவே செத்துப்போவான் போல இருக்கும் ஒருவன் லெவலுக்கு இரண்டு புள்ளி குறைவாக நின்றால், அவனைப் பின்னே இழுப்பதா முன்னே விடுவதா என்று நன்றாக யோசியுங்கள். நான் விடுவேன்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆற்றைக் கடக்கும் இடம், முதல் சாமம், என் வெள்ளை மந்திரவாதி வெட்டவெளியில் முன் வரிசைக்கு ஓரமாக நின்றாள். பக்கத்தில் மூன்று கட்டம் காலி. மூன்று ஓர்க் கிரண்ட் வந்து நின்றார்கள். கிரண்டுக்கு அடி ஒன்பது, இரண்டு வீச்சு. இரவில் 25 சதவீதம் ஏறினால் பதினொன்று. மூன்று பேர் சேர்ந்தால் ஆறு வீச்சு, அவளுக்கு 35 உயிர்ப்புள்ளி, நாலு வீச்சு பட்டால் முடிந்தது. வெட்டவெளியில் ஒவ்வொரு வீச்சும் படும் வாய்ப்பு 60 சதவீதம். நாலு பட்டது. அன்றைக்கு அதிர்ஷ்டத்தை ஒரு மணி நேரம் திட்டினேன். மறுநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவள் சாகும் வாய்ப்பு 54 சதவீதம் இருந்திருக்கிறது. ஒரே கட்டம் பின்னால் இருந்த ஊருக்குள் நிறுத்தியிருந்தால் படும் வாய்ப்பு 40, சாகும் வாய்ப்பு 18-க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். சினாரியோவை ஜெயித்துவிட்டேன், அதனால் விட்டுவிட்டேன். மூன்று சினாரியோ தள்ளிப் பிணங்களோடும் விஷத்தோடும் குகைக்குள் நிற்கும்போது டர்னுக்கு எட்டுப் புள்ளி ஆற்றி விஷத்தையும் முறிக்கிற ஆள் கையில் இல்லை. மறுபடி ஆற்றங்கரைக்கே போய் ஆடினேன், மூன்று ராத்திரி போச்சு.

அதனால்தான் சேவ். சினாரியோ தொடங்கும்போது ஆட்டமே ஒரு சேவ் எடுத்து வைக்கும், அதை ஒருநாளும் அழிக்காதீர்கள். டர்னுக்கு டர்ன் எடுக்கும் ஆட்டோசேவ் பழையது தானாகப் போய்விடும், அதை நம்ப முடியாது. ஒரு சினாரியோ முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுவேன்: எத்தனை கோல்டு, லெவல் இரண்டுக்கு மேல் எத்தனை பேர், வைத்தியம் பார்க்க யார். தறி குடோனில் பீஸ் கணக்கு எழுதும் அதே நோட்டுதான், பின்பக்கத்தில். இந்த எண்கள் இரண்டு சினாரியோவாக இறங்கிக்கொண்டே வந்தால் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் நின்றுவிடுங்கள், இறங்க ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பொழுது. ஆறு டர்னில் ஒரு நாள்: விடியல், காலை, மதியம், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் அடி 25 சதவீதம் ஏறும், இரவில் 25 இறங்கும். ஓர்க்குக்கும் பிணங்களுக்கும் நேர்மாறு. எல்ஃப்புக்கு எல்லாம் ஒன்றுதான். உங்கள் ஈட்டிக்காரனுக்கு அடி ஏழு, பகலில் ஒன்பது, இரவில் ஐந்து. அதே இரவில் எதிரே நிற்கும் கிரண்ட் பதினொன்றில் அடிக்கிறான். ஆகவே பொழுதோட மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து கட்டுத்தறியில் கட்டுவது போல, அந்தி டர்னிலேயே ஆட்களைப் பின்னே இழுத்து ஊருக்குள்ளும் மலை மேலும் கோட்டைக்குள்ளும் ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரி பின்வாங்குவது அபூர்வம், இரவு முழுக்க வந்து மோதும், விடிந்த பிறகும் பெரும்பாலும் திரும்பிப் போகாமல் வெட்டவெளியில் நிற்கும். அப்போது இறங்கி அடியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் மதியத்தில் கிளம்பி நடுராத்திரியில் எதிரிக் கோட்டை வாசலில் போய் நிற்பார்கள்.

வரிசை கட்டுவதற்கு ஆடுபுலி ஆட்டம் தெரிந்திருந்தால் போதும். எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் திண்ணைக் கல்லில் இன்னும் அந்தக் கோடு இருக்கிறது, மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒற்றை ஆடு புலிக்குத் தீனி, சேர்ந்து அடைத்த ஆடு புலியையே கட்டிப்போடும். இங்கேயும் அதேதான்: ஒரு ஆளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எதிரி கால் வைத்தால் அவன் நடை அங்கேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு ஆட்களுக்கு நடுவில் இரண்டு கட்டம் காலியாக விட்டாலும் ஒரே டர்னில் எதிரி ஊடே போய்விட முடியாது. மூன்று கட்டம் விட்டால் நடுக்கட்டம் வழியாகப் பாய்ந்துவிடுவான். அடர்த்தியாக நேர் வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவனை இரண்டு பேர்தான் அடிக்க முடியும், ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் ஆபத்து, அங்கே உடம்பு கெட்டியான ஆளை நிறுத்துங்கள். லெவல் பூஜ்யம் ஆட்களுக்கு இந்தத் தடுக்கும் சக்தி கிடையாது, அவர்களை வேலி என்று நினைத்துவிடாதீர்கள். கண்ட்ரோலோடு வி அழுத்தினால் எதிரி எங்கெல்லாம் வர முடியும் என்று காட்டும், நான் ஒவ்வொரு டர்னையும் முடிப்பதற்கு முன் அழுத்துவேன்.

ரசிகர் கேம்பெயினுக்கே உரிய தொல்லை திடீர்ப் படை. எழுதியவர்களுக்கு அதில் தனி ஆசை. பன்னிரண்டாவது டர்னில் உங்கள் கோட்டைக்குப் பின்னாலேயே நாலு எலும்புக்கூடு முளைக்கும். தடுக்க வழி இல்லை, ஆனால் மோப்பம் பிடிக்கலாம். தொடக்கத்தில் வரும் உரையாடலைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள், கதாபாத்திரம் ஒன்று "வடக்கே ஏதோ சரியில்லை" என்று சும்மா சொல்லியிருக்காது. வரைபடத்தின் ஒரு மூலையில் யாருமில்லாத கோட்டையோ காரணமே இல்லாத பெரிய காலி இடமோ இருந்தால் அங்கே யாரோ வரப்போகிறார்கள். எப்போதும் தலைவருக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்களும், கையில் முப்பது நாற்பது கோல்டும் வைத்திருங்கள். கோல்டை ஒட்டச் செலவழிக்கச் சொன்னேன், சரி, அதில் இது மட்டும் விலக்கு.

எலும்புக்கூடு வந்தால் வாளையும் ஈட்டியையும் அம்பையும் தூக்கி வைத்துவிட்டுக் கதாயுதமும் நெருப்பும் எடுங்கள், எலும்பில் ஈட்டி இறங்காது. காட்டுக்குள் நிற்கும் எல்ஃப்பை மந்திரவாதியால் அடியுங்கள், மந்திர அடி எந்த இடத்தில் நின்றாலும் 70 சதவீதம் படும். கறுப்பு அங்கி போட்ட டார்க் அடெப்ட்டைக் கிட்டே போய் வாளாலோ ஈட்டியாலோ கைகலப்பில் அடித்தால் திருப்பி அடிக்கவே மாட்டான், இளசுகளுக்கு இலவசப் பாடம்.

அதிர்ஷ்டத்துக்காக ஒரு டர்னைத் திரும்பத் திரும்ப லோடு பண்ணுவது தாயம் விழவில்லை என்று கட்டையைத் திரும்ப உருட்டுவது போல. தப்பு என்று சொல்லமாட்டேன், உங்கள் ஆட்டம், உங்கள் ராத்திரி. ஆனால் ஒரே டர்னை மூன்று தடவைக்கு மேல் லோடு பண்ண வேண்டியிருந்தால் தப்பு அந்த டர்னில் இருக்காது, ஐந்தாறு டர்ன் முன்னால் தேடுங்கள். அடிக்கும் முன் தாக்குதல் பெட்டியில் சேதக் கணக்கு என்று ஒரு பொத்தான் இருக்கும், வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று அதுவே போட்டுக் காட்டும். நான் காகிதத்தில் போட்டது வீண் வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை, எதிரித் தலைவன் செத்தும் வெற்றி வரவில்லை, சாவி இருக்கும் கட்டத்தில் நின்றும் கதவு திறக்கவில்லை என்றால் அது கேம்பெயினின் பிழை. முதலில் சினாரியோ தொடக்கச் சேவிலிருந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் முக்காற்புள்ளி விசையை அழுத்தி, வரும் வரியில் டீபக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், அப்புறம் மறுபடி முக்காற்புள்ளி, n என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. ஜெயித்ததாகக் கணக்கு வைத்து அடுத்த சினாரியோவுக்குத் தாட்டி விடும். இதைக் கஷ்டமான சினாரியோவுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தால் பிறகு ஆட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது, பிழைக்கு மட்டும். எழுதியவருக்கு எந்தப் பதிப்பு, எந்தக் கடினம், எந்த டர்ன் என்று சொல்லி அந்தச் சேவையும் அனுப்பி வையுங்கள், சம்பளம் வாங்காமல் எழுதிப் போட்டவர், மரியாதையாகச் சொல்லுங்கள்.

தம்பி அன்றைக்கு ராத்திரியே ஐந்தாவதின் தொடக்கச் சேவைத் திறந்தான். முந்தாநாள் வாய்க்காலில் அவர்கள் முறைத் தண்ணீர் என்பதால் விடிய விடியத் தோட்டத்தில் மடை மாற்றிக்கொண்டே லேப்டாப்பை மோட்டார் ரூமில் வைத்து ஆடியிருக்கிறான். காலை ஆறு மணிக்கு மெசேஜ் வந்தது: "ண்ணா, ஆறு முடிஞ்சுது. கோல்டு எட்டுதான் மிச்சம். லெவல் ரெண்டு அஞ்சு பேரு, வைத்தியம் ரெண்டு பேரு." ஏழாவதை இன்றைக்கு ராத்திரி தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறான்.